பலாமரத்துக்கும் சம்மதம்

“பலாமரம் தறிக்கிறதுக்கும் அவரைக் கேட்டனீங்களோ அக்கா?”

நிவேதனா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் சட்டத்தரணியாக இருக்கும் பெண், சிரித்தாலும் கண்ணைச் சிரிக்க விடுவதில்லை.

“ஓம்,” என்றாள் கமலாவதி. “பெரிய மரமெல்லோ.”

“மரம் தறிக்கப் புருசன்ரை சம்மதம் தேவையில்லை. மாடு விக்கத் தேவையில்லை. தண்ணி இறைக்கிற மிசினை மாத்தத் தேவையில்லை. காணியை விக்கிறது, ஈடு வைக்கிறது, ஆருக்கும் எழுதிக் குடுக்கிறது, இதுகளுக்குத்தான் அவர் எழுத்திலை சம்மதம் தரவேணும். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“அப்பிடியோ?” என்றாள் கமலாவதி. தேநீர்க் கோப்பையை விருந்தாளியின் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

சொல்லியிருந்தார்கள். மாட்டை விற்கும்போதே சண்டிலிப்பாய்ச் சந்தியில் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு சொல்லிவிட்டார். “இதுக்கெல்லாம் பிரான்சுக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டிருப்பியளே, விசர் வேலை,” என்று கடிந்தும் கொண்டார். கமலாவதி தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு பிரான்சுக்குத் தொலைபேசி எடுத்தாள். அது குரல் மட்டும் போகிற அழைப்பு.

அவளுடைய கணவன் குலேந்திரன் பிரான்சுக்குப் போகும்போது மகள் நிரோஜா பாலர் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துப் பாதையைப் பூட்டப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். “விசா சரிவந்த உடனை ரெண்டு பேரையும் கூப்பிடுவன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். முதலில் கடிதம் வந்தது, பிறகு தொலைபேசி வந்தது, பிறகு தொலைபேசி குறைந்தது. பிறகு பாரிசிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த யாரோ யாரிடமோ சொல்லி, அது நாலு வாய் மாறி இவளிடம் வந்து சேர்ந்தது. அங்கே ஒருத்தி இருக்கிறாளாம். ஒரு ஆண் பிள்ளையும் இருக்கிறதாம். குலேந்திரன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கமலாவதி ஒன்றும் கேட்கவில்லை. விவாகரத்து என்ற சொல்லை இரண்டு பேருமே வாயில் எடுக்கவில்லை.

அப்படியே விட்டிருந்தால் அவர்களுக்கு இடையிலான பேச்சு இயல்பாகச் செத்துப்போயிருக்கும். சட்டம்தான் அதைச் சாகவிடவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழருக்கென்று தேசவழமை என்றொரு சட்டம் இருக்கிறது. அதன்படி மணமான பெண்ணொருத்தி தன் தாய் தகப்பன் சீதனமாகத் தந்த காணியையே புருசனின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. தோட்டக் காணியின் ஒரு துண்டைத் தம்பிக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்தபோது, நீண்ட மௌனத்துக்குப் பிறகு கமலாவதி குலேந்திரனை அழைத்தாள். அவன் எடுத்தான். “என்ன, ஏதும் பிரச்சினையோ?” என்றான். பிரச்சினை என்று ஒன்று கையில் இருந்தது அவளுக்கு எவ்வளவு பெரிய தைரியமாக இருந்தது! தலை நிமிர்ந்து பேசலாம். யாசிக்கத் தேவையில்லை. சட்டம் கேட்கச் சொல்லுகிறது, அவள் கேட்கிறாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் கேட்கத் தொடங்கினாள். குத்தகைக்குக் கேட்டாள். எல்லை வேலிக்குக் கேட்டாள். மாட்டுக்குக் கேட்டாள், மிசினுக்குக் கேட்டாள், கடைசியில் பலாமரத்துக்கும் கேட்டாள். பாரிசை அவள் காதால்தான் அறிந்திருந்தாள். அவன் வேலை செய்யும் சமையலறையில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும் சத்தம், ரயில் கதவு மூடப்போகும்போது வரும் நீண்ட ஊதல், யாரோ ஒரு பிள்ளை கைகொட்டிச் சிரிப்பது, ஒருநாள் மழை. அந்தச் சத்தங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அவள் ஒரு நகரம் கட்டி வைத்திருந்தாள். அதில் தெருக்கள் எல்லாம் ஈரமாக இருந்தன. எந்தத் தெருவாலும் அவள் நடந்து போனதில்லை.

நிவேதனா பேனையை மறுபடி எடுத்தாள்.

“அக்கா, கொழும்பிலையிருந்து குழு வருகுது. இந்தச் சட்டத்தை மாத்தலாமோ எண்டு ஆக்களின்ரை அபிப்பிராயம் கேக்கினம். நாங்கள் பெண்கள் அமைப்பிலை இருந்து எழுதிக் குடுக்கிறதெல்லாம் குடுத்திட்டம். ஆனா அவைக்கு முன்னாலை அனுபவப்பட்ட ஒரு மனுசி எழும்பிக் கதைக்கிறது வேறை. இருபது வருசமாய்ப் புருசன் அங்கை, காணி இஞ்சை, ஒவ்வொருமுறையும் நீங்கள் கையேந்தி நிக்கவேண்டிக் கிடக்கு. அதை மட்டும் சொன்னாப் போதும்.”

“மாத்தினால்?”

“மாத்தினால் உங்கடை காணிக்கு உங்கடை கையெழுத்து மட்டும் போதும். அவரை ஒண்டுக்கும் கேக்கத் தேவையில்லை.”

“ஒண்டுக்குமோ?”

“ஒண்டுக்கும்,” என்றாள் நிவேதனா, நல்ல செய்தி சொல்லுகிறவளின் முகத்தோடு.

கமலாவதி முற்றத்தைப் பார்த்தாள். பலாமரம் நின்ற இடத்தில் வெயில் வட்டமாக விழுந்திருந்தது. “யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை,” என்றாள்.

யோசிக்க விடாமல் செய்தது நிரோஜா. விவசாயக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு வந்திருந்த அவளுக்குத் தோட்டக் காணியில் நாற்றுப் பண்ணை போட வேண்டும் என்பது ஆசை. மிளகாய்க் கன்று, கத்தரிக் கன்று, கோவா என்கிற முட்டைக்கோசுக் கன்று. வலிகாமத்துத் தோட்டக்காரரெல்லாம் தன்னிடம் கன்று வாங்க வரிசையில் நிற்பதுபோல அவள் கதைப்பாள். பண்ணைக்கு உதவி தருகிற திட்டத்தில் காணி அவளுடைய பெயரில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

“அம்மா, அப்பாட்டைக் கேட்டாச்சோ? மாரி முடியிறதுக்கிடையிலை எழுதினால்தான் சரி. நீங்கள் எடுக்காட்டி நான் எடுக்கிறன்.”

“நீ ஏன் எடுக்கிறாய்? நான் எடுக்கிறன்.”

“எடுங்கோவன். அந்த மாட்டுக்குக் கேட்ட நேரம் ஓடி ஓடிக் கேட்டியள். இது உங்கடை சொந்த மகளுக்கு.”

அடுத்த நாள் பின்னேரம் கமலாவதி கிணற்றடிப் பக்கம் போய் நின்று அழைத்தாள். அங்கே மத்தியானமாக இருக்கும். குலேந்திரன் உடனே எடுத்தான்.

“இஞ்சேருங்கோ, நான்தான்.”

“தெரியுது. சொல்லும்.”

அவள் சொன்னாள். நாற்றுப் பண்ணையைப் பற்றி, தேவைக்கு அதிகமாக, கோவாக் கன்றுக்கு எவ்வளவு நிழல் வேண்டும் என்பது வரைக்கும் சொன்னாள். அவன் இடையில் ‘ம்’ போட்டான். வழக்கமாக அவன் ஏதாவது கேள்வி கேட்பான், யோசிக்க வேண்டும் என்பான், பிறகு எடும் என்பான். அந்த ‘பிறகு எடும்’ என்ற சொல்லுக்காக அவள் சில சமயம் விசயத்தை அரைகுறையாகச் சொல்லுவதும் உண்டு. இந்த முறை அவன் ஒன்றும் கேட்கவில்லை.

“சரி. வாற வியாழக்கிழமை எனக்கு லீவு. தூதரகத்திலை போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்புறன். பிள்ளைக்குத்தானே.” சற்று நிறுத்தினான். “உதோடை முடிஞ்சுதுதானே? இனி ஒண்டும் இல்லைத்தானே?”

“வீட்டு வளவு இருக்கு,” என்றாள் கமலாவதி, அவசரமாக.

அந்த அவசரம் அவளுக்கே கேட்டது. கடை பூட்டும் நேரத்தில் ஓடிவந்து, இன்னும் ஒரு சாமான் வாங்க இருக்கிறது என்று சொல்லுகிறவளைப் போல. அவன் மெதுவாக மூச்சு விட்டது காதில் பட்டது. “ஓமோம், வளவு இருக்கு,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவள் கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டாள். வீட்டு வளவை எப்போது, எதற்காக, யாருக்கு எழுதுவது? அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. அதுவும் ஒருநாள் நிரோஜாவுக்குத்தான். அந்த ஒருநாளுக்கும் இன்றைக்கும் நடுவில் அவளிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. சட்டம் மாறிவிட்டால் அந்தக் கேள்வியும் இல்லை. பிறகு எந்த முகத்தோடு அழைப்பது? என்ன சொல்லி அழைப்பது?

கூட்டத்துக்குப் போவதற்கு அவள் சம்மதித்தாள். ஆனால் கதைப்பதற்கு என்று அவள் சொல்லவில்லை. நிவேதனாவின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதான். கூட்டத்துக்குப் போகிற வான் வண்டியில் ஏறியபோது தொண்டையில் கையை வைத்துக்கொண்டாள். “குரல் சரியில்லைப் பிள்ளை. எனக்குப் பதிலாய் வேறை ஆரையும் விடுங்கோவன்.”

“அப்ப நான் கதைக்கிறன்,” என்றது பின் ஆசனத்திலிருந்து ஒரு குரல். “எனக்குக் குரலுக்குக் குறைச்சலில்லை. மீன் கூறி வித்த தொண்டை.”

அது குருநகர் செபஸ்தியம்மா. கறுத்த, அகன்ற முகம், கழுத்தில் சிலுவை. அவளுடைய புருசன் பிரான்சிலும் இல்லை, கனடாவிலும் இல்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி வேறொருத்தியோடு இருந்தான்.

“காணித்துண்டை மூத்தவனுக்கு எழுத வேணும். கையெழுத்துப் போடய்யா எண்டு கேட்டால், போத்தலோடை வா எண்டுது. போத்தலோடை போனன். குடிச்சிட்டு, இப்ப கை நடுங்குது, நாளைக்கு வா எண்டுது.” வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். செபஸ்தியம்மா சிரிக்கவில்லை. “அந்தாளின்ரை முகத்தைப் பாக்காமல் சாகவேணும் எண்டு மாதாவிட்டை நேந்திருக்கிறன். இந்தச் சட்டம் என்னை வருசத்துக்கு நாலுதரம் கூட்டிக்கொண்டு போய் அந்த முகத்துக்கு முன்னாலை நிப்பாட்டுது.” பிறகு கமலாவதியின் பக்கம் குனிந்தாள். “உன்ரை ஆள் எப்பிடி? கையெழுத்துத் தருகுதோ?”

“தருவார்.”

“தந்தால் பேந்தென்ன? புண்ணியவான்.”

கமலாவதி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். தான் எதை இழக்கப் பயப்படுகிறாளோ அதிலிருந்து தப்புவதற்காக இந்த மனுசி மாதாவிடம் நேர்ந்திருக்கிறாள். இதை யாரிடம் சொல்வது?

மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றும் புழுங்கியது. மேடையில் கொழும்பிலிருந்து வந்த ஐந்தாறு பேர் இருந்தார்கள். அருகில் மொழிபெயர்ப்புக்கு ஒரு பெண். ஒவ்வொருவரும் ஒலிவாங்கிக்கு முன்னால் போய்ச் சொல்ல, அந்தப் பெண் குனிந்து சிங்களத்தில் திருப்பிச் சொன்னாள். செபஸ்தியம்மா போய் நின்று போத்தல் கதையைச் சொன்னாள். மண்டபம் முதலில் சிரித்தது. கொஞ்ச நேரம் கழித்து மேடை சிரித்தது.

அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற சட்டத்தரணி சிவசுப்பிரமணியம் எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நடுங்காத குரல். கெட்ட மனிதர் இல்லை. காசில்லாமல் எத்தனையோ ஏழைகளுக்கு வழக்குப் பேசியவர் என்று நிவேதனாவே சொல்லியிருந்தாள்.

“இந்தச் சகோதரி சொன்ன மாதிரிக் குடிகாரர் இருக்கினம். இல்லையெண்டு சொல்லேல்லை. அவைக்குச் சட்டத்திலை வேறை வழி இருக்கு, நீதிமன்றம் போகலாம்,” என்று தொடங்கினார். “ஆனால் நான் வேறொண்டு கேக்கிறன். எங்கடை குடும்பங்கள் நாலு திக்கிலும் சிதறிப்போச்சு. கடல் தாண்டிப் போன ஒருவரையும் இஞ்சை காத்திருக்கிற அவரின்ரை மனைவியையும் இண்டைக்கும் தொடுத்து வைச்சிருக்கிறது என்ன? இந்த ஒரு சம்மதம். ஒருவரை ஒருவர் கேக்க வைக்குது. ஒருவரோடை ஒருவர் கதைக்க வைக்குது. இது தடையில்லை, இது பாலம். இதையும் உடைச்சுப்போட்டால் பிறகு அவை ஏன் கதைக்கப் போகினம்?”

கமலாவதி நிமிர்ந்தாள். கிணற்றடியில் தனியாக இருந்து தான் கேட்ட கேள்வி அது. ஒருத்தருக்கும் தெரியாமல், சொந்த மகளுக்கும் தெரியாமல், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒன்றை இந்த மனிதர் அவிழ்த்து எடுத்து, எல்லோருக்கும் முன்னால் உயர்த்திப் பிடித்துக் காட்டுகிறார். பல பேர் தலையை ஆட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் கைதட்டவும் செய்தார். அவள் பக்கத்தில் பார்த்தாள். செபஸ்தியம்மா தலையைக் குனிந்து தன் சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். வண்டியில் கேட்ட குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கமலாவதி எழும்பினாள். எழும்பிய பிறகுதான் எழும்பிவிட்டது அவளுக்குத் தெரிந்தது. நிவேதனா வியப்போடு வழி விட்டாள்.

“வணக்கம்,” என்றாள் ஒலிவாங்கியில். அது தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது. “ஐயா சொன்னது உண்மை.”

நிவேதனாவின் முகம் மாறியது.

“என்ரை மனுசன் பிரான்சிலை. காணிக்குக் கேக்கத்தான் நான் அவரோடை கதைக்கிறனான். காணிக்கு மட்டுமில்லை. மாடு விக்கக் கேட்டனான். பலாமரம் தறிக்கக் கேட்டனான். அதுக்கெல்லாம் கேக்கத் தேவையில்லை எண்டு எனக்கு வடிவாய்த் தெரியும்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மொழிபெயர்ப்புப் பெண் சொல்லி முடிந்ததும் மேடையிலும் ஒருவர் வாயைப் பொத்தினார். கமலாவதி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“கதைக்க வேணும் எண்ட ஆசை. அதுதான் காரணம். வேறை ஒண்டுமில்லை. ஐயா பாலம் எண்டு சொன்னார். பாலமெண்டால் ரெண்டு பக்கத்தாலையும் ஆக்கள் வரவேணும் ஐயா. அவர் அங்கை வீடு வாங்கினவராம். என்னைக் கேட்டு எடுக்கேல்லை. அவருக்குக் கேக்கத் தேவையில்லை. இஞ்சை அவரின்ரை தகப்பன்ரை காணியை வித்தவர், அதுக்கும் என்னைக் கேக்கத் தேவையில்லை. இந்தப் பக்கத்தாலை நான் மட்டும்தான் போய்ப் போய் வாறன்.”

அவள் ஒலிவாங்கியிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றாள்.

“நான் ஆசைப்படுறது என்ரை விசயம். அது வெக்கமோ என்னவோ, என்னோடை கிடக்கட்டும். அதை நீங்கள் சட்டமாக்கி இந்தச் செபஸ்தியம்மாவின்ரை கழுத்திலை போடாதேங்கோ. என்ரை பிள்ளையின்ரை கழுத்திலையும் போடாதேங்கோ. எனக்கு அவரோடை கதைக்க வேணுமெண்டால் நான் கதைப்பன். கதைக்கிறதுக்குச் சட்டம் வேண்டாம்.”

அவ்வளவுதான். மொழிபெயர்ப்புப் பெண் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினாள். அவள் சிங்களத்தில் சொல்லுவதைக் கமலாவதி நின்று கேட்டாள். தன் ஆசை தனக்குத் தெரியாத மொழியில் போவதைக் கேட்பது விசித்திரமாக இருந்தது. நீண்ட பிரயாணத்துக்கு ஒருவரை வழியனுப்பி வைப்பதுபோல இருந்தது. தலைவர் ஏதோ குறித்துக்கொண்டு, நன்றி அம்மா என்று தமிழில் சொல்லி, அடுத்தவரை அழைத்தார். சிவசுப்பிரமணியம் ஐயா அவள் கடந்து போகும்போது கதிரையிலிருந்து பாதி எழுந்து, மறுபடி இருந்துகொண்டார்.

“ஏன் பிள்ளை என்ரை கழுத்தை இழுத்தனி?” என்றாள் செபஸ்தியம்மா வெளியே வந்ததும். “அது எப்பவோ நொந்துபோச்சுது.” சொல்லிவிட்டுக் கமலாவதியின் கையைப் பிடித்தவள், வான் வரும்வரை விடவில்லை.

“இது உடனை நடக்காது அக்கா,” என்றாள் நிவேதனா. “அறிக்கை எழுத வேணும், பாராளுமன்றம் போக வேணும். கன காலம் செல்லும். இந்த முறை நிரோஜாவுக்கு அவரின்ரை கையெழுத்திலைதான் எழுத வேண்டி வரும்.” பிறகு, கேட்கலாமோ கூடாதோ என்று யோசித்தவள்போல, “பலாமரம்… தெரிஞ்சுகொண்டோ கேட்டனீங்கள்?” என்றாள்.

“தெரிஞ்சுகொண்டுதான்.”

இந்த முறை நிவேதனாவின் கண் மட்டும் சிரித்தது. அது சிரிப்பா என்றும் சொல்ல முடியாது.

கமலாவதி வீட்டுக்கு வந்தபோது நிரோஜா தோட்டத்துக்குப் போய் இன்னும் வந்திருக்கவில்லை. வானம் இருண்டு, மழைக்குக் காத்து நின்றது. அவள் முகம் கழுவவில்லை. கசங்கிய சேலையோடு, விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே தொலைபேசியை எடுத்தாள்.

“வியாழக்கிழமைதான் போறன் எண்டு சொன்னனான்,” என்றான் குலேந்திரன் எடுத்ததும்.

“தெரியும். அதுக்கில்லை.”

“பின்னை? பிள்ளைக்கு ஏதுமோ?”

“பிள்ளை நல்லாயிருக்கிறாள். சும்மாதான் எடுத்தனான்.”

அங்கே தட்டுகள் அடுக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு அது தூரமானது. ஒரு கதவு திறந்து மூடியது. அவன் வெளியே வந்துவிட்டான் என்று தெரிந்தது. எதற்காக வந்தான்? அவளோடு கதைக்கவா, மற்றவர்களுக்குக் கேட்காமல் இருக்கவா? அவள் கட்டிய நகரத்தில் அதற்கு விடை இல்லை.

“நான் இண்டைக்கு ஒரு கூட்டத்திலை கதைச்சனான்,” என்றாள். “காணிக்கு இனிப் பொம்பிளையள் புருசன்மாரைக் கேக்கத் தேவையில்லை எண்டு சட்டம் வரவேணும் எண்டு. மைக்கிலை கதைச்சனான்.”

“நீரோ?”

“ஓம். நான்தான்.”

கோபமா என்று அவள் கேட்கவில்லை. அப்படிச் சட்டம் வந்தாலும் நான் எடுப்பேன், நீங்கள் எடுப்பீர்களா என்றும் கேட்கவில்லை. கேட்க இருந்தவையெல்லாம் வாய்க்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன; ஒன்றும் வெளியே வரவில்லை. சட்டத்துக்காகக் கேட்ட காலத்தில் எவ்வளவு சரளமாக வந்தது!

“நல்லது,” என்றான் அவன் கடைசியில். பிறகு, வேறு ஒன்றும் தெரியாதவன்போல, “இஞ்சை குளிர் துவங்கீட்டுது,” என்றான்.

“அப்பிடியோ?”

“ம். இந்தமுறை வேளைக்கே துவங்கீட்டுது.”

“காதைப் பொத்திக் கட்டுங்கோ. உங்களுக்கு முந்தியும் காதுக்குத்தான் குளிர் பிடிக்கும்.”

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தெரியாத மொழி. அவன் போகவேண்டும் என்றான். பிறகு எடும் என்று சொல்லவில்லை. தான் எடுப்பதாகவும் சொல்லவில்லை. வைத்துவிட்டான்.

நிரோஜா படலையைத் திறந்துகொண்டு வந்தாள். காலெல்லாம் செம்மண். தாயின் மடியில் தொலைபேசியைக் கண்டதும் அவளுக்கு வந்தது ஒரே கேள்விதான்.

“அப்பாவோ? என்னவாம், கையெழுத்துப் பிந்துமாமோ?”

“இல்லை. அதைப் பற்றிக் கதைக்கேல்லை.”

“அப்ப என்ன கதைச்சனீங்கள்?”

கமலாவதி யோசித்தாள். சொல்லுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் இத்தனை வருசத்தில், கேட்காமலே அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

“அங்கை குளிர் துவங்கீட்டுதாம்,” என்றாள்.